எட்டாண்டு வாக்குறுதி! ஐந்தாண்டு ஆயுள்!

வாக்குக் கொடுத்தவன் கடையைத் திறந்து வைத்திருக்கும் வரையில்தான் வாக்குக்கு மதிப்பு. அவன் கதவைச் சாத்திவிட்டால், வாங்கியவன் கையில் மிஞ்சுவது வெறும் காகிதம்! சந்தையில் சரக்கு வாங்கிய எவரும் அறிந்த பழைய உண்மை இது. அந்தப் பழைய உண்மை, இன்று சீன நாட்டிலே, ஏறத்தாழ ஒரு லட்சம் வீடுகளின் வாசலில், நான்கு சக்கரங்களின்மீது நின்றுகொண்டிருக்கிறது.

அந்தச் சக்கரங்களுக்குச் சொந்தக்காரன் பெயர் வெய்மா. ஜெர்மன் மொழியில் 'உலக வெற்றி வீரன்' என்று பொருள்படும் 'வெல்ட்மைஸ்டர்' என்ற சொல்லிலிருந்து எடுத்து வைத்துக்கொண்ட பெயர்! பெயர் வைப்பதற்குப் பணமா காசா? வீரன் என்று வைத்துக்கொள்ளலாம். வெற்றி என்று வைத்துக்கொள்ளலாம். களத்தில் நின்று காட்டுவதல்லவா கடினம்!

இந்தக் கம்பெனியைத் தோற்றுவித்தவர் ஷென் ஹுய். சாதாரண ஆள் அல்லர். கீலி கம்பெனி 2010-இல் சுவீடன் நாட்டு வோல்வோ கார் கம்பெனியையே விலைக்கு வாங்கியபோது, அந்தப் பெரும்பேரத்தில் முக்கியப் பங்கு வகித்தவர். அனுபவசாலி. அவர் 2015-இல் ஷாங்காய் நகரில் வெய்மாவைத் தொடங்கினார். ஜெஜியாங் மாநிலத்திலே, செருப்புக்கும் சிறுதொழிலுக்கும் பெயர்போன வென்ஜௌ நகரில் தொழிற்சாலை எழுந்தது. நியோ, எக்ஸ்பெங், லீ ஆட்டோ ஆகியவற்றோடு சேர்த்து, வெய்மாவையும் 'நான்கு சிறு நாகங்கள்' என்று பத்திரிகைகள் புகழ்ந்தன. புகழ்மாலை விழாத நாளில்லை.

2018 ஏப்ரலில் பெய்ஜிங் கார் கண்காட்சியில் விலையோடு மேடையேறியது அவர்களது முதல் கார், 'ஈ.எக்ஸ். 5'. அந்த ஆண்டு செப்டம்பரில் வாங்கியவர்கள் கைக்கு வந்தது. காருக்கும் ஜீப்புக்கும் நடுவே பிறந்த பிள்ளை என்று சொல்லலாம், கிராஸோவர் என்பார்கள். நீளம் நாலரை மீட்டருக்குச் சற்று மேலே. தரைக்கடியில் 52 யூனிட்டுக்கு மேல் மின்சாரத்தைத் தேக்கிவைக்கும் பாட்டரி. ஒருமுறை நிரப்பினால் 400 கிலோமீட்டர் ஓடும் என்றது அன்றைய சோதனை முறைக் கணக்கு. உள்ளே, நெடுக்காகவும் குறுக்காகவும் திருப்பிக்கொள்ளத்தக்க அகன்ற திரை. பெட்ரோல் வேண்டாம், புகையில்லை, சத்தமில்லை. விலையோ, சர்க்கார் மானியம் போக, ஒரு லட்சம் யுவானை ஒட்டித் தொடங்கியது. சீமான்கள் வீட்டுச் சரக்கு என்றிருந்த மின்சாரக் காரைச் சம்பளக்காரன் வீட்டுக்கும் கொண்டுவந்து நிறுத்தியது இது. அதைப் பாராட்ட நமக்குத் தயக்கமில்லை. நல்லதை நல்லது என்று சொல்லாத நாக்குக்கு, கெட்டதைக் கெட்டது என்று சொல்லும் யோக்கியதை ஏது?

சரி, சம்பளக்காரன் எதை நம்பி வாங்கினான்? ஐந்தாண்டு, ஆறாண்டு சேர்த்த பணம். பெற்றோர் தந்ததும், வங்கி தந்த கடனும் சேர்ந்திருக்கும். நேற்று முளைத்த கம்பெனி ஒன்றை நம்பி இத்தனையும் கொட்டுவானா? கொட்டினான் என்றால், காரணம் உண்டு.

பக்கத்திலே சர்க்கார் நின்றது!

2016 முதல் 2020 வரையிலான மானியத் திட்டத்தில் சீன சர்க்கார் ஒரு நிபந்தனை போட்டது. மானியம் பெற்று விற்கப்படும் மின்சாரக் காரின் பாட்டரி முதலிய முக்கிய உறுப்புகளுக்கு, 8 ஆண்டு அல்லது 1,20,000 கிலோமீட்டர், கம்பெனி உத்தரவாதம் தரவேண்டும். நல்ல நிபந்தனை. நியாயமான நிபந்தனை. வாங்குகிறவன் மனத்திலே என்ன தோன்றும்? "சர்க்காரே பணம் கொடுத்து ஊக்குவிக்கிறது, சர்க்காரே எட்டாண்டு என்று எழுதி வைத்திருக்கிறது, இனி எனக்கென்ன பயம்?" இப்படித்தான் தோன்றும். அப்படித் தோன்றவேண்டும் என்பதுதானே மானியத்தின் நோக்கமும்!

நம்பிக்கை ஊட்டியவர்கள் இன்னும் உண்டு. பைடூ பணம் போட்டது. டென்சென்ட் பணம் போட்டது. 2020 செப்டம்பரில் ஒரே வீச்சில் 1,000 கோடி யுவான் திரண்டது. அதிலே ஷாங்காய் நகரின் அரசுடைமை முதலீட்டு நிறுவனங்களும், அரசுடைமையான எஸ்.ஏ.ஐ.சி. மோட்டார் நிறுவனமும் இருந்தன. கோடிகளைக் கொட்டுகிறவர்கள் கணக்குப் பார்த்துத்தானே கொட்டுவார்கள் என்று சாமானியன் எண்ணுவது தவறா?

அந்தக் கணக்கைத்தான் இப்போது பார்ப்போம்.

2022 ஜூனில், ஹாங்காங் பங்குச் சந்தையில் பங்கு விற்க வெய்மா மனுப் போட்டது. மனுவோடு கணக்கையும் காட்டவேண்டுமல்லவா? காட்டியது. 2019-இல் நஷ்டம் 410 கோடி யுவானுக்கு மேல். 2020-இல் 500 கோடிக்கு மேல். 2021-இல் 820 கோடி. 2021-இல் விற்ற கார்கள் 44,000-ஐத் தாண்டின. விற்க விற்க நஷ்டமும் வளர்ந்தது. 100 யுவானுக்கு விற்ற சரக்கைச் செய்து முடிக்கவே 140 யுவானுக்கு மேல் செலவாகியிருக்கிறது. காய்கறிக் கூடையைத் தலையில் சுமந்து விற்கும் கிழவிகூட இந்த வியாபாரத்தை மூன்று நாள் நடத்தமாட்டாள்! இவர்கள் மூன்றாண்டு நடத்தினார்கள். எப்படி முடிந்தது? நேற்றைய நஷ்டத்தை இன்றைய முதலீட்டுப் பணம் அடைத்தது. இன்றைய நஷ்டத்தை நாளைய முதலீட்டுப் பணம் அடைக்கும் என்று எதிர்பார்த்தார்கள். நாளை வந்தது, பணம் வரவில்லை.

அதே கணக்கிலே இன்னொரு வரியும் இருந்தது. 2021-ஆம் ஆண்டில் ஷென் ஹுய்க்குரிய ஊதியம் 126 கோடி யுவான்! பெரும்பகுதி ரொக்கமல்ல, பங்குகள் என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறோம். பங்கு ஆனாலென்ன, ரொக்கம் ஆனாலென்ன, 820 கோடி நஷ்டம் கண்ட வீட்டிலே வைத்த விருந்தல்லவா அது!

விருந்து அப்படி. பந்திக்கு வெளியே நின்றவன் நிலை எப்படி? 2022 நவம்பரில் சம்பள வெட்டு வந்தது. மேலதிகாரிகளுக்குப் பாதிச் சம்பளம். மற்ற ஊழியர்களுக்கு 100-க்கு 70. மாதச் சம்பளத்தில் வாடகை கொடுத்து, வயிறு கழுவுகிறவனுக்கு 30 யுவான் குறைந்தால் என்ன ஆகும் என்பதை, பங்குக் கணக்குப் பார்க்கிறவர்கள் அறியமாட்டார்கள். சம்பள நாளை எண்ணிக் காத்திருப்பவன் அறிவான்.

ஹாங்காங் மனு கைகூடவில்லை. 2023 ஜனவரியில், ஹாங்காங் சந்தையில் ஏற்கெனவே இருந்த வேறொரு கம்பெனியின் தோளிலேறிச் சந்தைக்குள் நுழைய ஏற்பாடு நடந்தது. செப்டம்பரில் அதுவும் முறிந்தது. 2023 அக்டோபரில் ஷாங்காய் நீதிமன்றத்தின் படியேறி, கடனைச் சீரமைக்கக் காப்பு வேண்டும் என்று கைகட்டி நின்றான் 'உலக வெற்றி வீரன்'. நம் ஊர் பேச்சிலே சொன்னால், மஞ்சள் கடுதாசி!

2018 செப்டம்பரில் முதல் கார். 2023 அக்டோபரில் மஞ்சள் கடுதாசி. ஆயுள் ஐந்தாண்டு. கொடுத்த வாக்கோ எட்டாண்டு. மிச்சம் மூன்றாண்டை எந்தக் கடையில் போய் வாங்குவது?

"பெட்ரோல் கார் செய்த எத்தனையோ கம்பெனிகள் மூடிப்போயின. அந்தக் கார்கள் ஓடவில்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் உண்டு. ஓடின, மறுக்கவில்லை. கம்பெனி மாண்டு முப்பதாண்டு கழிந்த பிறகும் ஓடிய கார்கள் உண்டு. ஏன் ஓடின? பழுதான உறுப்பைக் கையில் எடுத்துப் பார்த்தால் மெக்கானிக்குக்குப் புரிந்தது. லேத் பட்டறையில் கடைந்து கொடுத்தான். வேறொரு காரின் உறுப்பை அராவிப் பொருத்தினான். வித்தை அவன் விரல்களிலே இருந்தது. கம்பெனியின் பெட்டகத்திலே பூட்டிக் கிடக்கவில்லை.

இந்தக் காரின் கதை வேறு. நூற்றுக்கணக்கான மின்கலங்களை அடுக்கிக் கட்டிய ஒரே பெட்டி பாட்டரி. ஒவ்வொரு கலமும் எவ்வளவு சூடு, எவ்வளவு அழுத்தம் என்று கணந்தோறும் கண்காணித்து, ஓடலாமா நிற்கவேண்டுமா என்று ஆணையிடுவது ஒரு கணிப்பொறி. அதற்குள்ளே இருக்கும் மென்பொருள் கம்பெனியின் இரகசியம். திறந்து பார்க்கும் சாவி கம்பெனியிடம். கைப்பேசியிலுள்ள செயலி காரோடு பேசுவதும் நேராக அல்ல. கம்பெனி நடத்தும் கணிப்பொறி நிலையத்தின் வழியாகத்தான். அந்த நிலையத்துக்கு வாடகை கட்ட ஆளில்லையென்றால், செயலி ஊமை!

நடந்ததும் அதுதான். கம்பெனி தள்ளாடத் தொடங்கியதும், செயலி வேலை செய்யவில்லை என்று வாங்கியவர்கள் முறையிட்டார்கள். உதிரிப் பாகம் கிடைக்கவில்லை என்று முறையிட்டார்கள். பழுது பார்க்கும் நிலையங்கள் மூடிக் கிடந்தன. சிறு மோதலில் உடைந்த விளக்குக்கு மாற்று விளக்கு கிடைக்காமல், பணம் கையில் இருந்தும் கார் தெருவில் நிற்கிறது என்றால், அந்தக் காரை வாகனம் என்பதா, வாசலை அடைத்து நிற்கும் இரும்பு என்பதா? விற்றுத் தொலைக்கலாம் என்றாலோ, நாதியற்ற காரை நல்ல விலைக்கு எவன் வாங்குவான்?

இன்னும் ஒன்றைச் சொன்னால்தான் விபரீதத்தின் முழு உருவமும் விளங்கும்.

2020 அக்டோபரில் சில ஈ.எக்ஸ். 5 கார்கள் அடுத்தடுத்துத் தீப்பற்றி எரிந்தன. ஆராய்ந்தார்கள். மின்கலம் செய்து கொடுத்தவர்களின் தயாரிப்பிலே அந்நியத் துகள் கலந்துவிட்டது என்று கண்டார்கள். அதனால் கலத்தினுள்ளே லித்தியம் உலோகம் படியக்கூடும். படிவு வளர்ந்தால் உள்ளுக்குள்ளேயே மின்சாரம் குறுக்கே பாயும். குறுக்கே பாய்ந்தால் நெருப்பு! உடனே 1,282 கார்களைத் திரும்ப அழைத்து, பாட்டரியை மாற்றித் தருவதாகக் கம்பெனி அறிவித்தது. அன்றைக்குக் கம்பெனி உயிரோடிருந்தது; அழைப்பு விட முடிந்தது; பட்டியல் இருந்தது; மாற்றுப் பாட்டரி இருந்தது.

அதே துகள், அதே படிவு, 2023 அக்டோபருக்குப் பிறகு தென்பட்டிருந்தால்? அழைப்பு விடுவது யார்? பாட்டரி தருவது யார்? கார் நிற்கும் அடுக்குமாடியின் அடித்தளத்துக்கு மேலே படுத்துறங்கும் குழந்தைகளுக்கு எச்சரிக்கை சொல்வது யார்? உத்தரவாதம் என்பதைச் செலவுக் கணக்கு என்று மட்டும் நினைப்பவர்கள் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லட்டும். உயிர்க் கணக்கும் அதிலே அடக்கம்!

சட்டம் என்ன சொல்கிறது? சீனாவின் திவால் சட்டம் 2007-இலிருந்து நடைமுறையில் இருக்கிறது. சொத்தை அடமானம் பிடித்தவன், அந்தச் சொத்தின் மீது முதல் கை வைக்கிறான். மிஞ்சியதிலே திவால் நடவடிக்கைச் செலவு போகிறது. பிறகு தொழிலாளரின் சம்பள பாக்கி, பிறகு வரி, கடைசியிலேதான் சாதாரணக் கடன்காரர்கள். எட்டாண்டு உத்தரவாதத்தை நம்பிக் கார் வாங்கியவன் எந்த வரிசை? அந்தக் கடைசி வரிசை! பந்தியிலே கடைசி வரிசைக்குச் சோறு வருமுன் அண்டா காலியாகிவிடும் என்பது பசித்தவனுக்குத் தெரியாததா?

வெய்மா ஒன்றோடு இது முடிந்திருந்தால், விதி என்று விட்டுவிடலாம். 2024 பிப்ரவரியில் ஹைஃபை என்ற கார் செய்தவர்கள் உற்பத்தியை நிறுத்தினார்கள். 2024 டிசம்பரில் ஜியுவே தடுமாறி விழுந்தது. 2025 ஜூனில் நேத்தா கார் செய்த ஹோசோன் கம்பெனி திவால் நடவடிக்கைக்குள் போனது. தாய்லாந்திலும் கார் விற்று, அங்கேயே உற்பத்தியும் செய்த கம்பெனி அது. ஆக, கண்ணீர் எல்லை தாண்டிவிட்டது.

இதிலே ஒரு வேடிக்கையையும் காணுங்கள். ஜியுவே விழுந்தபோது, அதன் பெற்றோரான பைடூவும் கீலியும், ஊழியர் பாக்கியையும் வாங்கியவர்களுக்கான சேவையையும் கவனிப்போம் என்று கூட்டாக அறிவித்தார்கள். பெரிய வீட்டுப் பிள்ளை, பெற்றவர்கள் ஓடிவந்தார்கள். 2020-இல் நியோ கம்பெனி மூச்சுத் திணறியபோது, ஹெஃபெய் நகரத்து முதலீட்டாளர்கள் 700 கோடி யுவான் கொண்டுவந்து காப்பாற்றினார்கள். நியோ பிழைத்தது. வெய்மாவுக்கு அப்படி எவரும் வரவில்லை. இவற்றிலே எதை வாங்கியவன் அதிக புத்திசாலி? எவனும் இல்லை! ஒருவன் வீட்டு வாசலில் சேவை கிடைக்கிறது; அடுத்த வீட்டு வாசலில் கிடைக்கவில்லை. இருவரும் கேட்டது ஒரே வாக்குறுதி. இருவரும் நம்பியது ஒரே சர்க்கார் நிபந்தனை. வாங்கியவனின் பாதுகாப்பு, கம்பெனியின் ஜாதகத்தைப் பொறுத்தது என்றால், சட்டம் எதற்கு? சோதிடரே போதுமே!

"போட்டி என்றால் பத்துப் பேர் விழத்தான் செய்வார்கள். விழுந்ததால்தான் வலுவானவர்கள் எழுந்தார்கள். மலிவான மின்சாரக் கார் கிடைத்தது" என்று வாதிடுகிறார்கள். வாதத்திலே உண்மை இருக்கிறது. 2024 ஜூலையில், சீனாவில் சில்லறையாக விற்ற புதுக் கார்களில் பாதிக்கு மேற்பட்டவை மின்சாரத்தில் ஓடுபவையும், மின்சாரமும் பெட்ரோலும் சேர்ந்து ஓடி வெளியே மின்சாரம் நிரப்பிக்கொள்பவையும்தான். உலகிலே வேறெந்தப் பெரிய நாடும் காணாத வேகம். மறுப்பார் இல்லை.

ஆனால் கேட்கிறோம்: அந்த வெற்றிக்கு விலை கொடுத்தது யார்? பங்கு போட்டவன், இலாபம் வரலாம் நஷ்டமும் வரலாம் என்று தெரிந்து போட்டான். கம்பெனி நடத்தியவன், ஊதியம் எழுதிக்கொண்டு நடத்தினான். நகரசபை, தொழிற்சாலை வரும், வேலை வரும் என்று இடம் கொடுத்தது. இவர்கள் எல்லோரும் சூதாட்டப் பலகையில் தாமாக வந்து உட்கார்ந்தவர்கள். வேலைக்குப் போகவும், பிள்ளையைப் பள்ளியில் விடவும் கார் வாங்கியவன் அந்தப் பலகைக்கு வந்தானா? வரவில்லை! ஆட்டத்திலே சேராதவன் சட்டைப் பையிலிருந்து தோற்ற காசை எடுப்பது எந்த நாட்டு நியாயம்?

மானியம் தருவது குற்றம் என்று நாம் சொல்லவில்லை. புதுத் தொழில் முளைக்கும்போது பொதுப்பணம் நீரூற்றத்தான் வேண்டும். நீர் ஊற்றியவன் வேலியும் போடவேண்டும் என்பதே நமது வாதம். 2022 இறுதியோடு சீன சர்க்கார் காருக்கான தேசிய மானியத்தை நிறுத்திவிட்டது. மானியத்துக்கு முடிவு தேதி குறிக்கத் தெரிந்தவர்களுக்கு, மானியம் பெற்றவன் மாண்டால் வாங்கியவனுக்கு என்ன வழி என்று முன்கூட்டியே எழுதத் தெரியாமல் போனது ஏன்?

வழி இல்லாமல் இல்லை. மூன்று சொல்கிறோம்.

முதலாவது, பொது நிதி. மானியம் பெறும் ஒவ்வொரு காரின் விலையிலிருந்தும் ஒரு சிறு பங்கைக் கம்பெனியின் கை படாத இடத்தில் கட்டி வைக்கவேண்டும். எட்டாண்டு முடியும் வரையில் அது வாங்கியவனுக்கு ஜாமீன். கம்பெனி நிலைத்தால் பணம் அதற்கே திரும்பட்டும். விழுந்தால் அந்த நிதி பாட்டரியை மாற்றட்டும். கடைசி வரிசையில் நிற்கவேண்டிய அவசியமே வராது.

இரண்டாவது, பொது அறிவு. உறுப்புகளின் வரைபடம், மென்பொருள், பழுதறியும் சாவி ஆகியவற்றின் படியைப் பொது அமைப்பு ஒன்றிடம் ஒப்படைத்த பிறகே விற்க அனுமதி. கம்பெனி மூடிய மறுநாளே பெட்டகம் திறக்கட்டும். தெருமுனைப் பட்டறையில் இருக்கும் கைகாரனுக்குச் சாவியைக் கொடுங்கள். அவன் ஓட்டிக் காட்டுவான்! திரும்ப அழைக்கவேண்டிய பழுது என்றால், அழைப்பு விடும் கடமை சர்க்காரைச் சேரட்டும்.

மூன்றாவது, பொதுக் கணக்கு. பொதுப்பணம் வாங்கும் கம்பெனி, ஆண்டுதோறும் தன் நஷ்டத்தையும், மேலிடத்து ஊதியத்தையும், உத்தரவாதத்துக்கு ஒதுக்கிய தொகையையும் ஊரறிய வெளியிடவேண்டும். வெய்மாவின் கணக்கு வெளியே வந்தது எப்போது? பங்கு விற்கப் போனபோது! பங்கு வாங்குகிறவனுக்குக் காட்டிய கணக்கை, கார் வாங்குகிறவனுக்கு ஏன் காட்டக்கூடாது?

இப்போது ஒரு செய்தி. ஷென்ஜெனைச் சேர்ந்த ஷியாங்ஃபெய் என்ற கம்பெனி வெய்மாவின் சீரமைப்பைக் கையேற்றது. வென்ஜௌ தொழிற்சாலையில் ஈ.எக்ஸ். 5 காரை மறுபடியும் செய்யப்போவதாக 2025 செப்டம்பரில் திட்டம் வெளியிட்டது. நல்லது. நடக்கட்டும், நாமும் மகிழ்வோம். பூட்டிய தொழிற்சாலை திறந்தால் தொழிலாளிக்கு வேலை. வாசலில் நிற்கும் காருக்கு உறுப்பு. ஆனால் புதிய எசமானர் வந்ததால் பழைய கேள்வி மறைந்துவிடாது. வரவில்லையென்றால் என்ன ஆகியிருக்கும்? நாளை இவரும் போய்விட்டால் என்ன ஆகும்? காப்பாற்ற ஒருவர் கிடைத்தார் என்பது அதிர்ஷ்டம். அதிர்ஷ்டத்தைச் சட்டப் புத்தகத்தில் எழுதி வைக்க முடியாது!

மின்சாரக் கார் நாளைய உலகின் வாகனம் என்கிறார்கள். ஒப்புக்கொள்கிறோம். நாளைய உலகின் வாகனத்தை, நேற்றைய வியாபாரியின் வாய்வார்த்தையை நம்பி வாங்கச் சொல்லாதீர்கள் என்றுதான் சொல்கிறோம். எட்டாண்டு என்று எழுதினால், எட்டாம் ஆண்டின் கடைசி நாள்வரை அதற்குப் பொறுப்பேற்க ஒருவர் இருந்தாகவேண்டும். கம்பெனி இருந்தால் கம்பெனி. கம்பெனி இல்லையேல், அதற்கு மானியம் கொடுத்து, மாலை போட்டு, மேடையேற்றிய சர்க்கார்!

மாலை போட்ட கை, பொறுப்பையும் ஏற்கட்டும்.